ஆறு மொழியில் மா

என் வீட்டுக்காரருக்கு ஆறு மொழி தெரியும். பக்கவாதம் வந்து ஆறையும் வழித்துத் துடைத்து எடுத்துக்கொண்டு போனபோது, போகிற போக்கில் ஒரே ஒரு எழுத்தைச் சிந்திவிட்டுப் போயிற்று. மா. தண்ணீர் வேண்டுமென்றாலும் மா, வலித்தாலும் மா, மருத்துவர் இரண்டு விரலைக் காட்டி இது எத்தனை என்று கேட்டாலும் மா.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் எனக்குப் பொறுமையாக விளக்கினாள். மூளையில் பேச்சு குடியிருக்கிற இடத்தில் அடி பட்டிருக்கிறது. இப்படிப்பட்டவர்களில் சிலருக்கு ஏதோ ஒரு துண்டு மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்குமாம். அவள் பார்த்ததில் ஒருவருக்குக் கெட்ட வார்த்தை ஒன்று மிஞ்சியிருந்தது, இன்னொருவருக்கு 'திங்கட்கிழமை'. "அதுக்கு அர்த்தம் தேடாதீங்க. அதை வார்த்தைன்னே நினைக்காதீங்க, சத்தம்னு வச்சுக்கங்க" என்றாள்.

யார் கேட்டார்கள்? பார்க்க வந்தவர்கள் எல்லாம் பழத்தோடு ஆளுக்கு ஓர் அர்த்தமும் கொண்டு வந்தார்கள். என் மகள் வந்த அன்றே, "அப்பா அவங்க அம்மாவைத் தேடறார்" என்று மூக்கை உறிஞ்சினாள். அவளுடைய அப்பா தன் அம்மாவை அடக்கம் செய்த மறுநாளே கோட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனவர். வார்டில் தரை துடைக்கிற இத்தாலிக்காரி, துடைப்பத்தின் மேல் மோவாயை ஊன்றிக்கொண்டு, தங்கள் மொழியில் மா என்றால் 'ஆனால்' என்றாள். பாவம், பெரியவர் ஏதோ மறுத்துச் சொல்ல ஆரம்பித்து முடிக்க முடியாமல் நிற்கிறார் என்று அவளுக்கு வருத்தம். கீழ்வீட்டுக்காரி ஒரு படி மேலே போனாள். "உங்களைத்தாங்க கூப்பிடறார், 'ம்மா'ன்னு. எவ்வளவு ஆசை இருந்தா அது மட்டும் நெஞ்சுல நிக்கும், பாருங்க!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முப்பத்தாறு வருஷத்தில் அவர் என்னை 'ஏய்' என்று கூப்பிட்டிருக்கிறார், 'இந்தா' என்று கூப்பிட்டிருக்கிறார், மனசு குளிர்ந்திருக்கிற நாளில் 'காதுல விழுதா' என்று கூப்பிட்டிருக்கிறார். ஒரு நாளும் ம்மா என்றதில்லை. இல்லாத ஆசைக்கு இருக்கிற ஒரே எழுத்தைச் சாட்சிக்கு இழுக்கிறார்களே என்று எரிச்சலாக இருந்தது.

அவர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். தமிழ், அரபி, பிரெஞ்சு, இத்தாலியன், ஹங்கேரியன், சீனம். குற்றவாளி, சாட்சி, விவாகரத்துக்கு வந்தவர்கள், காகிதம் இல்லாமல் எல்லை தாண்டி வந்தவர்கள் என்று யார் வாயைத் திறந்தாலும் இவர் வாய் வழியாகத்தான் நீதிபதி காதுக்குப் போக வேண்டும். அங்கே அவருக்கு அகராதி என்று பட்டப்பெயர். அவர்கள் மரியாதையாகத்தான் வைத்தார்கள். நான் வீட்டில் அதோடு ஒரு சொல் சேர்த்து, அகராதி பிடிச்ச மனுஷன் என்று சொல்வேன், அவர் குளிக்கும்போது.

வெளியே நாள் முழுக்க ஊரான் பேச்சையெல்லாம் பேசிவிட்டு வருகிற ஆள், வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்து வாயையும் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வருவார். ஏதாவது கேட்டால், "பேசிப் பேசிச் சம்பாதிக்கிறவனுக்கு வீட்டுலயாவது வாய்க்கு ஓய்வு குடு" என்பார். நியாயம்தானே என்று நானும் நினைத்தேன். நான் தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடை, திரைச்சீலை, மாப்பிள்ளைக் கோட்டுக்கு உள்துணி என்று நாள் பூராவும் தைத்துவிட்டு, வீட்டுத் துணிக்குப் பொத்தான் வைக்க மாட்டேன் என்று நான் சொன்னதுண்டா என்று திருப்பிக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியபோது அவருக்குப் பேச்சு போய்விட்டது.

அவர் என்னிடம் வாய் திறந்து பேசியதெல்லாம் தன் தொழில் பெருமையைத்தான். ஒரு வழக்கு. வீட்டு வேலை பார்த்த பெண் ஒருத்தி மேல் திருட்டுக் குற்றம். "நீ எடுத்தாயா?" என்று கேட்டதற்கு அவள் தன் மொழியில் "ஆமாம்" என்றாள். ஆனால் அவள் சொன்ன மாதிரியைக் கேட்டால் சின்னக் குழந்தைக்குக் கூடப் புரிந்திருக்கும். நீங்க எல்லாரும் முடிவு பண்ணிட்டீங்கல்ல, அப்படியே இருக்கட்டும் போங்க என்று வெறுத்துப்போய்ச் சொன்ன ஆமாம் அது. இவர் "ஆமாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவளுடைய வக்கீல் எழுந்து, அவள் குரல் எப்படி இருந்தது என்று மொழிபெயர்ப்பாளர் சொல்ல வேண்டும் என்று கேட்டார். "சொல் என் வேலை, குரல் என் வேலை இல்லை" என்று இவர் பதில் சொன்னாராம். நீதிபதியே அதைப் பாராட்டினாராம். அதற்குப் பிறகு வேலைக்குச் சேர்கிற மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கொடுக்கிற விதிகளில் இவரே அதை முதல் விதியாக எழுதி வைத்தார். சொன்னதைச் சொல். சொன்ன விதத்தைச் சொல்லாதே. ஊகிக்காதே.

"அந்தப் பொண்ணு என்ன ஆனா?" என்று கேட்டேன்.

"உள்ளே போனா. வேற என்ன ஆவா?" என்றார், சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே.

அன்று அவர் தட்டில் நான் ரசத்தை ஊற்றினேன் என்பதை நினைத்தால் இப்போதும் என் கையின் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

மருத்துவமனையிலிருந்து இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தலை, கால் இரண்டையும் ஏற்றி இறக்குகிற இரும்புக் கட்டில் ஒன்று கூடவே வந்தது. அது நுழைகிற அளவுக்கு வாசல் இருந்தது என் தையல் அறைக்கு மட்டும்தான். மிஷினைப் பால்கனியில் கொண்டுபோய் வைத்து, மழைக்குத் தார்ப்பாய் போட்டு மூடினேன். நூல் பெட்டிகள் சமையலறை அலமாரிக்குப் போயின. வெட்டு மேசையைக் கீழ்வீட்டுக்காரி துணி மடிக்க வாங்கிக்கொண்டு போனாள். எனக்கென்று அந்த வீட்டில் கதவு வைத்த இடம் அது ஒன்றுதான் இருந்தது. அதுவும் போயிற்று.

அவருக்கு வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. இடது கையில் பென்சிலைக் கொடுத்தால் கோழி கிளறின மாதிரி கோடு போடுவார். எழுத்து அட்டையை நீட்டினால் எல்லாவற்றுக்கும் முதல் எழுத்தையே தொடுவார். தலையாட்டலையும் நம்ப முடியாது. வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் ஒரே மாதிரி மேலும் கீழும்தான் ஆடும். ஆக, மா ஒன்றுதான் கதி.

முதல் இரண்டு வாரம் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. அவர் மா என்பார், நான் தண்ணீரை நீட்டுவேன், அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மா என்பார். போர்வையா? மா. டி.வி.யா? மா. "என் உசுரை எடுக்கறதுக்குன்னே இந்த எழுத்தை மிச்சம் வச்சீங்களா?" என்று கத்தியிருக்கிறேன். பிறகு ஒரு நாள் பகல், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து மா கேட்டது. என் கால் தானாக எழுந்துபோய், அவரை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு வந்து மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டது. அப்புறம்தான், எனக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன்.

மூக்கில் இழுத்து நீட்டினால் திருப்பிப் போடு. வெட்டின மாதிரி பட்டென்று நின்றால் தண்ணீர். அடுத்தடுத்து இரண்டு வந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும், இல்லாவிட்டால் விரிப்பை மாற்ற வேண்டும். வாசலில் ஆள் வந்தால் யாரென்று கேட்கிற மா நுனியில் கொஞ்சம் எழும்பும். வேண்டாம் என்பதற்கு மேலே ஆரம்பித்துப் படி படியாக இறங்குகிற ஒன்று இருந்தது. இட்லி போதும், அந்த மாத்திரை கசக்கிறது, உன் தங்கையிடம் நான் இப்படிக் கிடக்கிறதைச் சொல்லாதே, எல்லாம் அதில் அடக்கம். மாதம் போகப் போக, ஒவ்வொன்றிலும் கிளை விட்டது. செய்தியில் ஒரு மந்திரி உளறினால் சிரிக்கிற மா கூட எனக்குத் தெரிந்துபோயிற்று.

சொன்னால் நம்ப மாட்டீர்கள். முப்பத்தாறு வருஷத்தில் அந்த மனிதர் பேசியது எனக்கு முழுசாகப் புரிந்தது அந்த ஐந்து மாதம்தான். எனக்கு அதில் கர்வமும் இருந்தது. ஆறு மொழி படித்தவருடைய ஏழாவது மொழிக்கு உலகத்திலேயே நான் ஒருத்திதான் ஆள்.

மகளிடம் ஒரு முறை சொன்னேன். அவள் என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். "அம்மா, அது உன் மனசுல இருக்கறது. அவர் சொல்றதா நீ நினைச்சுக்கற. பயிற்சி குடுத்தவங்களே அது வெறும் சத்தம்னு சொல்லிட்டாங்கல்ல?" அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்தாவது மாதம் குளியலறையில் விழுந்தோம். அவரை நாற்காலியிலிருந்து தூக்கும்போது சோப்புத் தண்ணீரில் என் கால் வழுக்கியது. நான் கீழே, என் மேல் அவர். அவர் கனம் முழுதும் என் இடுப்பில். அவரால் புரள முடியாது, என்னால் அவரைத் தள்ள முடியாது. முக்கால் மணி நேரம் அப்படியே கிடந்தோம். கீழ்வீட்டுக்காரி காதில் விழட்டும் என்று வாளியைச் சுவரில் இடித்துக்கொண்டே இருந்தேன்.

அப்போது என் காதுக்குப் பக்கத்தில் அவர் மா என்றார். அதுவரை நான் கேட்காத மா. ரொம்ப மெதுவாக, நடுவில் கொஞ்சம் உடைந்து, கடைசியில் எழும்பியது. என்ன வேண்டும் இவருக்கு என்று ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். பிறகுதான் புரிந்தது. உனக்கு அடி பட்டுச்சா என்று கேட்கிறார். எனக்குப் பிரசவத்தில் ரத்தம் வாங்கிக் கொண்டு வந்து கொடுத்தபோது கூட அவர் என்னிடம் கேட்டதில்லை. "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஈரத் தரையில் அவருடைய கனத்துக்கு அடியில் கிடந்த அந்த நேரத்தில்தான் நான் கல்யாணம் ஆனவளாக இருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஒண்ணும் இல்லை என்று நான் சொன்னது பொய். முதுகெலும்பில் ஒரு வட்டு நகர்ந்துவிட்டது. இன்னொரு தடவை அவரைத் தூக்கினால் பக்கத்துக் கட்டிலில் நானும் படுக்க வேண்டியதுதான் என்று மருத்துவர் சொன்னார். மகள் அன்றைக்கே பராமரிப்பு இல்லத்துக்கு விண்ணப்பம் போட்டாள். "நீ போய்ச் சேந்துட்டா அவரை யாரு பாப்பா? யோசிச்சுப் பாரு. அங்க இருபத்து நாலு மணி நேரமும் ஆள் இருக்காங்க." அவள் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. அதுதான் கஷ்டம்.

விண்ணப்பத்தில் ஒரு சிக்கல் இருந்தது. நினைவு தெளிவாக இருக்கிற நோயாளி தன் வாயால் சம்மதிக்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் அங்கே சேர்க்க மாட்டார்கள். தினமும் இரண்டு மணி நேரம் ஒரு உதவி ஆளை வீட்டுக்கு அனுப்புவதோடு சரி, மீதி இருபத்திரண்டு மணி நேரம் என் பாடு. அவர் விருப்பம் என்னவென்று தெரிந்துகொள்ளவே முடியவில்லை என்றால் மட்டும், மனைவி கையெழுத்துப் போட்டால் போதும். கேட்டு எழுதிக்கொண்டு போக ஓர் அதிகாரி வருவார். நோயாளிக்குப் பல மொழி தெரியும் என்று மகள் எழுதியிருந்ததால், அவர் எந்த மொழியில் பதில் சொன்னாலும் தவறிவிடாதபடி நீதிமன்றத்திலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளரையும் கூட்டிவருவார்கள்.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் காலையில் அவருக்குச் சவரம் செய்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன். "நல்ல இடமாம். ஜன்னல் பக்கம் கட்டில் தருவாங்களாம். நான் வாரத்துக்கு மூணு தடவை வருவேன்." அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். மா என்றார். மேலே ஆரம்பித்துப் படி படியாக இறங்கியது. நான் சவரத்தை நிறுத்தவில்லை. மறுபடியும் சொன்னார். கன்னத்தில் நுரை காய்ந்துவிடும், ஆடாமல் இருங்க என்றேன்.

மறுநாள் வந்த அதிகாரி சாதுவான மனிதர். உட்கார நாற்காலி போட்டதற்கே இரண்டு தடவை நன்றி சொன்னார். மொழிபெயர்ப்பாளராக வந்தவள் என் வீட்டுக்காரருக்குக் கீழே ஒன்பது வருஷம் வேலை பார்த்த பெண். உள்ளே நுழைந்ததும் கட்டிலைப் பார்த்து, "சார்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டதும் முகம் மாறிவிட்டது. அவர்கள் எல்லாருக்குமே அந்த முகம் உண்டு, யாரோ அழித்துவிட்டுப் போன கரும்பலகை மாதிரி.

அதிகாரி கட்டில் பக்கம் குனிந்து, நிறுத்தி நிதானமாகக் கேட்டார். "உங்களை ஒரு பராமரிப்பு இல்லத்துல சேக்கலாம்னு உங்க வீட்டுல நினைக்கிறாங்க. நீங்க அங்கேயே தங்கணும். உங்களுக்குச் சம்மதமா?"

"மா" என்றார் அவர்.

இறங்கியது.

"என்ன சொல்றார்?" என்று அதிகாரி அவளைப் பார்த்தார்.

அவள் நோட்டைப் பார்த்து வாசித்தாள். "சார் ஆறு மொழி பேசுவார். இந்த ஒலி ஆறுலயும் இருக்கு. இத்தாலியன்ல 'ஆனால்'. பிரெஞ்சுல 'என்னுடைய', பெண்பால் சொல்லுக்கு முன்னாடி வரும். அரபியில 'இல்லை'ன்னும் வரும், 'என்ன'ன்னும் வரும். ஹங்கேரியன்ல 'இன்னைக்கு'. சீனத்துல ராகத்தைப் பொறுத்து அம்மா, குதிரை, சணல், திட்டறது. தமிழ்ல மாமரம், மாவு, பெரிசு, நில அளவு, இன்னும் நிறைய இருக்கு."

அதிகாரி பேனாவை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அப்ப 'இல்லை'ன்னு சொல்றாரா?"

"அரபியில சொல்றார்னா இருக்கலாம்."

"அரபியிலதான் சொல்றாரா?"

"அது தெரியாது."

"சீனத்துல ராகம் இருக்குன்னீங்களே. ராகத்தை வச்சுக் கண்டுபிடிக்க முடியாதா?"

"அவர் சீனம்தான் பேசறார்னு முதல்ல உறுதியாகணும்."

அதிகாரி நெற்றியைத் தேய்த்தார். மறுபடி குனிந்து, இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாகக் கேட்டார். செவிட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் எல்லாரும் அப்படித்தான் கத்துவார்கள். அவர், "மா, மா" என்றார். இரண்டும் இறங்கின. நல்ல கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். விரல் மூட்டு வெளுத்துப்போகிற அளவுக்குப் பிடித்தார்.

"இதோ பாருங்க, அவர் பிடிக்கிற விதத்தைப் பாத்தா..." என்று அதிகாரி ஆரம்பித்தார். கெட்டிக்காரர்தான், பாதி வந்துவிட்டார்.

அவள் குறுக்கிட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது, குரலில் ஒரு சொட்டு இல்லை. "விதத்தை நான் சொல்லக் கூடாதுங்க. ஊகிக்கவும் கூடாது. எங்க விதி அப்படி. சொன்ன சொல்லை மட்டும்தான் சொல்ல முடியும். எந்த மொழின்னு தெரியாததால அதையும் சொல்ல முடியல. மொழிபெயர்க்க இயலவில்லைன்னு எழுதிக்கங்க."

என் வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார். தான் எழுதின விதி தன் கட்டிலுக்கே வந்து நிற்கிறது என்று அவருக்குப் புரிந்தது. மூளையில் பேச்சுதான் போயிருந்தது, மற்றதெல்லாம் இருந்தது. எனக்கு அந்த நிமிஷம் ஒரு அற்ப சந்தோஷம் வந்தது. அதை மறைக்கப் போவதில்லை. உள்ளே போன அந்த வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்காக வந்த சந்தோஷம் என்று சொன்னால் எனக்கே கௌரவமாக இருக்கும். அது மட்டும் இல்லை. எனக்காகவும்தான் வந்தது.

அதிகாரி தாளைத் திருப்பினார். "கடைசியா ஒண்ணு. நெருங்கின உறவுக்காரங்க வாக்குமூலம். இவரோட பழக்கவழக்கம் தெரிஞ்சவங்க சொன்னா நான் ஏத்துக்கலாம்." என் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்கதான் கூடவே இருக்கீங்க. அஞ்சு மாசமா பாத்துக்கறீங்க. இவர் என்ன சொல்றார்னு உங்களுக்குத் தெரியுதா?"

மொழிபெயர்ப்பாளர் பெண் சட்டென்று நிமிர்ந்தாள். தனக்கு அனுமதி இல்லாததை நான் சொல்லிவிடுவேன் என்று அவளுக்கு நம்பிக்கை. மகள் சுவரோரம் நின்று என்னையே பார்த்தாள். என் இடுப்பில் கட்டியிருந்த பட்டை மூச்சு விடும்போதெல்லாம் குத்தியது. பால்கனிக் கதவு வழியாகத் தார்ப்பாய் தெரிந்தது.

எனக்கு இரண்டு பதில் இருந்தது. "போக மாட்டேன்னு சொல்றார்" என்பது ஒன்று. அதைச் சொன்னால் அந்த அறையில் மூச்சு இருக்கிற வரைக்கும் நானும் அவரும்தான். எனக்கு வயது அறுபத்திரண்டு. இன்னும் எத்தனை வருஷம், எத்தனை குளியல், எத்தனை விரிப்பு என்று நான் தினமும் யோசித்ததுதான். அவர் என்னைப் பார்த்தார். மறுபடி மா என்றார். இது இறங்கின மா இல்லை. குளியலறையில் கேட்டதற்குப் பக்கத்தில் வருகிற ஒன்று. உனக்குத் தெரியும், சொல் என்றார்.

"தெரியலைங்க. எனக்கும் புரியறதே இல்ல" என்றேன்.

அதிகாரி எழுதினார். என் வீட்டுக்காரருக்கு அடுத்த மா வாயில் தயாராக இருந்தது. உதடு சேர்ந்திருந்தது, இனித் திறக்க வேண்டியதுதான் பாக்கி. அவர் திறக்கவில்லை. அப்படியே மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். கம்பியிலிருந்து கை தானாகக் கழன்றது. அதிகாரி காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அன்றைக்கு ரொம்ப அழகாக விழுந்திருந்தது.

வாசலில் அந்தப் பெண் தயங்கி நின்றாள். "தப்பா எடுத்துக்காதீங்க. அவர் எங்களுக்குச் சொல்லிக்குடுத்தபடிதான் செஞ்சேன்."

"உன் மேல தப்பே இல்லம்மா, போ" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

பராமரிப்பு இல்லம் சுத்தமான இடம். ஜன்னல் பக்கக் கட்டில் கொடுத்தார்கள். சொன்னபடி வாரத்துக்கு மூன்று தடவை போனேன். நகம் வெட்டினேன், சட்டைக்குக் காலர் திருப்பித் தைத்துக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். அவர் எதையும் தடுக்கவில்லை. என்னைப் பார்ப்பார், பிறகு ஜன்னலைப் பார்ப்பார். வாய் மட்டும் திறக்கவில்லை. அங்கே இருக்கிற மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, புதுசாக அடைப்பு எதுவும் இல்லை, ஆனாலும் இந்த நோயில் இருக்கிறதும் போவது சகஜம்தான் என்றார். மகள் அதையே நம்பினாள். போகவில்லை, அவர் விட்டுவிட்டார் என்று எனக்குத் தெரியும். அதை நான் யாரிடம் சொல்ல முடியும்? அதைச் சொல்ல வேண்டுமானால், அவர் பேசியது எனக்குப் புரிந்துகொண்டிருந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இரண்டாவது மாதம் புதுசாக ஒரு செவிலி வந்தாள். நல்ல துடியான பெண். ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஓர் அட்டை தொங்கவிட வேண்டும் என்று புது ஏற்பாடாம். பெயர், வயது, சாப்பாடு, ஒவ்வாமை எல்லாம் எழுதி முடித்துவிட்டு, 'மொழி' என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எந்தப் பாஷையில பேசினா இவருக்கு வசதி? இங்க நாலஞ்சு பாஷை பேசற ஆள் இருக்கோம். இவர் பேசறதைப் புரிஞ்சுக்கிற மாதிரி யாரையாவது இந்தப் பக்கம் போடச் சொல்றேன்."

நான் வாயைத் திறந்தேன். ஆறின் பெயரும் வரிசையாக நாக்கு நுனியில் வந்து நின்றது. அவர் தலையணையில் முகத்தை மெல்லத் திருப்பி என்னைப் பார்த்தார். இங்கே வந்ததிலிருந்து அவர் என்னை அத்தனை நேரம் பார்த்ததில்லை. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தார்.

"இவருக்குப் பேச்சு வராதும்மா" என்றேன்.

"முன்னாடியும் அப்படித்தானா?"

"முன்னாடியும் அப்படித்தான்."

அவள் அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு, அட்டையைக் கம்பியில் மாட்டினாள். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். நான் குனிந்து அவர் போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டேன். அவர் இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.